முன்கூட்டியே அடைக்க வந்தவர்

வீட்டுக் கடன் முடிய இன்னும் ஒன்பது வருஷம் இருக்கும்போது, மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டி முடித்துவிடலாம் என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக் வங்கிக்குப் போனார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. அரை நாள் லீவு போட்டிருந்தார். வேலை அரை மணியில் முடிந்துவிடும், மிச்ச நேரத்தில் முடி வெட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம்.

கவுண்டரில் இருந்த பெண் அவர் நீட்டிய காசோலையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்ல யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

எல்லாரும் நலமாக இருப்பதாக அவர் சொன்னார். லாட்டரி விழுந்ததா, வேறு நாட்டுக்குக் குடிபோகிறாரா, டாக்டர் ஏதாவது கெடு சொல்லியிருக்கிறாரா என்று அவள் வரிசையாகக் கேட்டாள். எதுவும் இல்லை. கடன் என்று வாங்கினால் அடைக்க வேண்டியதுதானே, அதற்காகத்தான் வந்தேன் என்றார் மெக்கானிக். அப்படி ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள், திரும்பி வந்து, முன்கூட்டிச் செலுத்துவோர் நலப்பிரிவு இரண்டாவது மாடியில் இருப்பதாகச் சொன்னாள்.

அவர் ஏன் அப்படி அவசரப்பட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நகரத்தில் பாதி லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போடுகிறவர் வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதை, வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் மூச்சு வாங்கிக்கொண்டே புதிதாகக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். வீட்டில் இரண்டே அறை. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மூத்தவள் ஹாலில் பாயை விரித்தால் மற்றவர்கள் கால் வைக்க இடமில்லை. சின்னவள் மூன்றாம் வகுப்பு.

கடன் வாங்கிய நாளிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே சண்டைதான். அதுவே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். நாலு காசு மிஞ்சினால் அதைச் சேர்த்து வைத்துக் கடனை முடிக்க வேண்டும் என்பார் அவர். ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிவிட்டு வரலாம் என்பாள் அவள். கடன் முடியட்டும், போகலாம் என்பார். "அப்ப கடல் இருக்கும், எனக்குக் கால் இருக்காது" என்பாள். அவள் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. அது முடிந்தபின் நாலு மாடி. முட்டி இரண்டும் வீங்கித்தான் இருக்கும்.

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தவர் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கையோடு போய் இருக்கப் போகிறவர். கடைக்குப் பின்தெருவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. தரைத்தளம், மூன்று அறை, பின்னால் துணி காயப்போட நல்ல வெயில். உனக்கென்றால் விலைக்குத் தருகிறேன், இரண்டு மாதம் பொறுத்திருப்பேன் என்று மெக்கானிக் மனைவியிடம் சொன்னார். நாலாவது மாடி வீட்டை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்தது. ஆனால் பத்திரம் வங்கியில் இருந்தது. எட்டு வருஷச் சேமிப்பு, கட்டி முடித்த சீட்டு, அவளுடைய வளையல் எல்லாம் சேர்த்தால் கடன் தீரும். கடன் தீர்ந்தால் பத்திரம் வரும், பத்திரம் வந்தால் இதை விற்றுவிட்டு வீடு மாறலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே விஷயத்துக்கு ஆசைப்பட்டார்கள். கடன் முடியப் போகிறது என்று அவருக்குச் சந்தோஷம். படி முடியப் போகிறது என்று அவளுக்கு.

நலப்பிரிவில் இருந்த அம்மாள் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நோயாளியிடம் பேசுவது போலப் பேசினார்.

"சார், எங்களுக்கு உங்க பணம் முக்கியமில்ல. உங்க குடும்பம்தான் முக்கியம். முன்கூட்டி அடைக்கிறவங்க எல்லாரும் வீட்ல வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் அடைக்கிறாங்க. புள்ளைங்க வயித்துல அடிச்ச காசை நாங்க கை நீட்டி வாங்க முடியுமா? கடைசித் தவணை வரைக்கும் ஒழுங்கா கட்டுறவங்களைப் பாருங்க. முகத்துல எவ்வளவு நிம்மதி."

அதனால் குடும்பத்தின் வாழ்க்கைத்தரம் குறையவில்லை என்று நிரூபித்தால்தான் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். காசோலையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று மெக்கானிக் கேட்டார். யாரும் உரிமை கோராத தொகையாக அதைப் பத்திரமாக வைத்திருப்போம் என்றார் அந்த அம்மாள்.

படிவத்தில் அறுபத்து நாலு கேள்விகள். கடைசியாக வெளியே சாப்பிட்டது எப்போது, குடும்பத்தில் ஆளுக்கு எத்தனை ஜோடிச் செருப்பு, வாரத்தில் எத்தனை மணி நேரம் எல்லாரும் ஒரே அறையில் இருக்கிறீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் 'எப்போதும்' என்று எழுதினார், வேறு அறை இல்லாததால். இருபத்து மூன்றாவது கேள்வி, 'தங்கள் மனைவி கடைசியாக மனம்விட்டுச் சிரித்த தேதி.' அவருக்கு ஞாபகம் வரவில்லை. அங்கிருந்தே கடைக்குப் போன் செய்து கேட்டார். கேள்வியைக் கேட்டதும் அவள் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் அன்றைய தேதியை எழுதினார். விண்ணப்பம் கொடுத்த பிறகு வந்த சிரிப்பு கணக்கில் வராது என்று அந்த அம்மாள் அதை அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாலு மாடி ஏறி வந்து கால் மணி நேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து எல்லாவற்றையும் அளந்தார். ஹாலை அளந்தார், சாப்பாட்டுத் தட்டை அளந்தார், மூத்தவளின் பாயை அளந்துவிட்டு உச்சுக்கொட்டினார். சின்னவள் அவருக்கு டேப்பு மாமா என்று பேர் வைத்துவிட்டாள். உட்கார சோஃபா இல்லையா என்று கேட்டார். சோஃபா போட்டால் உட்கார ஆளுக்கு இடம் இருக்காது என்று மெக்கானிக்கின் மனைவி சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார். வீடு மாறினால் எல்லாம் சரியாகிவிடும், அதற்காகத்தான் கடனையே அடைக்கிறோம் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். டேப்பு மாமாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. இருக்கிற வீட்டில் இருக்கிற தரத்தைத்தான் அவர் அளக்க முடியும்.

அறிக்கை பத்து நாளில் வந்தது. அளவுக்கு மீறிய சேமிப்பால் குடும்பம் வாடுவதாகவும், தரம் உயரும்வரை பணம் பெறப்படாது என்றும் அதில் இருந்தது. தரத்தை உயர்த்த இரண்டு வழிகளும் சொல்லப்பட்டிருந்தன. மூன்று பேர் அமரும் சோஃபா ஒன்று, குடும்பத்தோடு இரண்டு நாள் சுற்றுலா ஒன்று. சுற்றுலாவுக்குப் புகைப்பட ஆதாரம் வேண்டும்.

சேமிப்பில் கை வைத்தால் கடனை அடைக்கப் பணம் பற்றாது. இதை அவர் நலப்பிரிவு அம்மாளிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இதற்கென்றே வங்கியில் வாழ்க்கைத்தரக் கடன் என்று ஒன்று இருந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு கிடைத்தது. மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கடனை அடைக்க வந்தவன் இரண்டு கடனோடு வீட்டுக்குப் போகிறேன் என்பதைப் படியிறங்கும்போதுதான் உணர்ந்தார். மனைவியிடம் அதை அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொன்னார். அவள் கோபப்படவில்லை. டீச்சர் கொடுத்த கெடுவில் எத்தனை நாள் பாக்கி என்று மட்டும் கேட்டாள். இருபத்தாறு நாள் இருந்தது.

சோஃபா படிவழியாக ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையிடத்திலிருந்து பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, மொட்டை மாடியில் மாட்டி, பால்கனி வழியாக ஏற்றினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. சோஃபா ஹாலில் வந்து உட்கார்ந்ததும் மூத்தவளின் பாய்க்கு இடம் போயிற்று. பரீட்சைக்குப் படிக்கிற பெண் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து படித்தாள்.

கடலுக்கும் போனார்கள். கரையில் நின்று நாலு பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மனைவி மணலில் நடக்க முடியாமல் ஒரு கையால் மூத்தவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். படத்தை வங்கி திருப்பி அனுப்பியது. மூத்த மகளின் மகிழ்ச்சி தெளிவாகத் தெரியவில்லை என்று அதில் வட்டம் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பதினேழு வயசு, அந்த வயசில் அப்பா அம்மாவோடு எடுக்கிற படத்தில் யாரும் சிரிப்பதில்லை என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். அந்த விளக்கம் தலைமையகத்தின் பரிசீலனைக்குப் போயிற்று.

இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது அவரே தலைமையகத்துக்குப் போனார். பதினொரு மாடிக் கட்டடம். துணைப் பொது மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று லிஃப்ட்டில் ஏறினார். மூன்றாவது மாடியில் கோட்டுப் போட்ட ஒருவர் ஏறினார். ஆறாவது மாடி தாண்டியதும் மேலே ஒரு 'டக்' சத்தம் கேட்டது. லிஃப்ட் நின்றுவிட்டது. கதவுப் பூட்டில் கோளாறு என்று மெக்கானிக்குக் காதிலேயே தெரிந்தது. கோட்டுக்காரரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மணியை அடித்து, காவலாளியை இன்டர்காமில் பேச வைத்து, மெஷின் ரூமில் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும், பிரேக்கை எப்படித் தளர்த்த வேண்டும், சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மெஷின் ரூம் சாவி கொள்முதல் பிரிவில் இருந்தது. அதை எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டுமாம். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கோட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்தால் பயம் குறையும் என்று தான் வந்த காரியத்தைச் சொன்னார். அவர்தான் துணைப் பொது மேலாளர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பயத்தில் இருந்தவர் உள்ளதை உள்ளபடி பேசினார்.

"நீங்க இன்னும் ஒன்பது வருஷம் வட்டி கட்டுவீங்கன்னு நாங்க எழுதி வெச்சாச்சு. அதை நம்பித்தான் இந்தக் கட்டடத்துல மேல நாலு மாடி எழுப்பினோம். என் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா, அதுவும் உங்களை மாதிரி நாலு பேரை நம்பித்தான். இப்ப வந்து மொத்தமா கட்டிட்டுப் போறேங்கறீங்க. கடன் கட்டாம ஓடுறவனைக்கூட நாங்க தேடிப் பிடிச்சிடுவோம். கட்டிட்டு ஓடுறவனை என்ன பண்றது, சொல்லுங்க?"

 மன்னிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அப்படிச் சொன்னது ஏன் என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை.

லிஃப்ட் ஏழாவது மாடிக்கு வந்து கதவு திறந்ததும் துணைப் பொது மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார். அங்கேயே நின்று அவருடைய கோப்பை வரவழைத்து, பச்சை மையில் 'மிக அவசரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனார். மிக அவசரக் கோப்புகளைப் பார்க்கிற குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் என்பதும், போன வாரம்தான் கூடிக் கலைந்தது என்பதும் மறுநாள் தெரிந்தது.

டீச்சர் கெடு முடிந்த பிறகும் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தார். பதின்மூன்றாவது நாள் கடைக்கு வந்து, போனில் சொல்ல மனசு வரவில்லை என்று நேரிலேயே சொன்னார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்குகிறதாம். கடன் வாங்கித்தான் வாங்குகிறார்களாம். அதே வங்கி. இரண்டே நாளில் கொடுத்துவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு திருகாணி தளர்ந்திருந்ததை மெக்கானிக்கின் மனைவி கவனித்து, வாங்கி முடுக்கிக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள்.

அன்று சாயங்காலம் அவளால் இரண்டாவது மாடிக்கு மேல் ஏற முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்னவள் கீழே இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதினாள். மெக்கானிக் வேலை முடிந்து வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். அவரைப் பார்த்ததும், "சும்மா காத்து வாங்கறோம்" என்றாள் மனைவி. அந்த மாசக் கடைசியோடு அவள் வேலையை விட்டாள்.

வங்கிக்குத் தகவல் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று விதி. மெக்கானிக் விதியை மீறிப் பழக்கமில்லாதவர், அதையும் எழுதிக் கொடுத்தார். குழு கூடியது. கடிதம் வந்தது. மூத்தவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

'தாயார் பணியிலிருந்து விலகி முழு நேரமும் இல்லத்தில் இருப்பதால், குடும்பம் கூடியிருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் அதிகரித்துள்ளது. தங்கள் குடும்பம் தேவையான தரத்தை எட்டியுள்ளதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். முப்பது நாட்களுக்குள் தாங்கள் கடனை முன்கூட்டியே அடைக்கலாம். தங்கள் மனைவியின் பங்களிப்புக்கு எங்கள் பாராட்டுகள்.'

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். சின்னவள், அம்மாவுக்குப் பரிசு ஏதாவது தருவார்களா என்று கேட்டாள்.

அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு சம்பளத்தில் இரண்டு கடன் ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த பணம் ஒன்று கடனுக்கு ஆகும், அல்லது காலுக்கு ஆகும். அன்று புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்றபடி சண்டை போட்டார்கள்.

"கடனை அடைச்சிடுங்க. நான் பாட்டுக்கு மேலயே இருந்துக்கறேன். கீழ இறங்கி எனக்கு ஆக வேண்டியது என்ன இருக்கு?" என்றாள் அவள்.

"கடன் எங்கயும் போயிடாது. கால் முதல்ல" என்றார் அவர்.

எட்டு வருஷமாக அவர் சொல்லிவந்ததை அவள் சொன்னாள். அவள் சொல்லிவந்ததை அவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இருவருக்கும் அது உறைத்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடனை இப்போது அடைக்கப் போவதில்லை என்று அவர் வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். நலப்பிரிவு அம்மாள் எழுந்து நின்று கை கொடுத்தார். இப்போதுதான் நீங்கள் குடும்பஸ்தர் மாதிரி யோசிக்கிறீர்கள் என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று மாதம் படியேறக் கூடாது என்றும் சொன்னார்கள். ஆனால் ஒரு தடவை ஏறித்தானே ஆக வேண்டும். மெக்கானிக் தன்னோடு வேலை பார்க்கிறவர்கள் மூன்று பேரை அழைத்து வந்தார். மோட்டாரை மாடி மாடியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பழகியவர்கள். ஒரு மர நாற்காலியில் அவளை உட்காரவைத்து, பெல்ட்டால் கட்டி, நாலு மூலைக்கும் நாலு பேராகப் பிடித்தார்கள். தூக்கு, திருப்பு, கொஞ்சம் சாய், நிறுத்து என்று மெக்கானிக் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் இரண்டும் மருந்துப் பையோடு பின்னால் ஏறின. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவருக்கு இரண்டு கையும் நாற்காலியில் இருந்தது. அடித்து ஓயும் என்று பார்த்தால் ஓயவில்லை. நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் திறந்து, குனிந்து, அவர் பையிலிருந்து அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினாள். இனிமையான குரல். முன்கூட்டிச் செலுத்துவோர் நலப்பிரிவின் சேவை தங்களுக்கு எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

நாலு பேருக்கும் மூச்சு இரைத்தது. மெக்கானிக்கின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"கொஞ்சம் லைன்ல இரும்மா" என்றாள். "மேல போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்."

அந்தப் பெண்ணும் சரி என்று லைனில் இருந்தாள். இன்னும் ஒன்றரை மாடி பாக்கி இருந்தது.